நண்பர்கள்: 0

2021-இல் ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி இருக்கும். இணைய விளையாட்டில் எங்கள் அணியில் ஆடும் நண்பர் ஒருவரை வாத்தியார் என்று கூப்பிடுவோம். அவர் கணக்கிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் அணி ஒரு போட்டியில் இருக்கிறது, ஒரு ஓட்டுப் போடு என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே ஒரு லிங்க். வாத்தியார் எங்களிடம் ஒரு நாளும் ஆங்கிலத்தில் எழுதியவர் இல்லை. எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் "இருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்கே போவார். அது இரண்டும் என் கண்ணில் படவில்லை. நண்பன் கேட்கிறான், போட்டுவிடுவோம் என்றுதான் தோன்றியது. லிங்கைத் திறந்தால் நாங்கள் ஆடும் விளையாட்டின் உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று வந்தது. கடவுச்சொல்லைப் போட்டேன். கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டையும் போட்டேன். ஓட்டு பதிவானது என்றது. பத்து நிமிடத்தில் என் கணக்கிலிருந்து நானே வெளியே தள்ளப்பட்டேன்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தும் எப்படிப் போனது என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் போலிப் பக்கம் நாம் போடும் குறியீட்டை அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடும். குறியீடு நம்மிடமிருந்தே போவதால் தளத்துக்கும் சந்தேகம் வராது. நான் பிறகு கற்றுக்கொண்டது இது: கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாகத் தானே நிரப்பும் செயலி ஒரு பக்கத்தில் மட்டும் பேசாமல் இருந்தால், உடனே கையை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது ஒரு லிங்க் மறுபடி உள்நுழையச் சொன்னாலும் அப்படித்தான். அப்புறம், கணக்கு போய்விட்டது என்று தெரிந்த நிமிடத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது மின்னஞ்சலை. நான் விளையாட்டின் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பப் போட்டு நாற்பது நிமிடம் வீணாக்கினேன். அதற்குள் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாக நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்து கிடந்தது. 'இதைச் செய்தது நான் இல்லை' என்று அழுத்த அதிலேயே ஒரு பொத்தானும் இருந்தது. நான் பார்த்தபோது அதன் நேரம் முடிந்திருந்தது.

இதையெல்லாம் ஒரு விளையாட்டுக்காகவா எழுதுகிறாய் என்று கேட்டால், இல்லை. நாங்கள் ஐந்து பேர். 2015-லிருந்து ஒன்றாக ஆடியவர்கள். ஐவர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அது. பெயர் இங்கே தேவையில்லை. தற்செயலாக ஒரு ஆட்டத்தில் சேர்க்கப்பட்டோம், தோற்றோம், இன்னொன்று ஆடலாமா என்று ஒருவர் கேட்டார், அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. பறவை அண்ணாவின் விளையாட்டுப் பெயர் ஒரு பறவையின் பெயர், அதனால் அவரை அப்படிக் கூப்பிட்டோம். வாத்தியார் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்கே தவறியது என்று பாடம் நடத்துவார். இரவுக்காரன் இரவு வேலை பார்ப்பவன். நாங்கள் தூங்கப் போகும்போதுதான் அவனுக்கு இடைவேளை. குட்டி எங்களில் இளையவள், கல்லூரி மாணவி. மைக்கில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை, தட்டச்சு மட்டும்தான். ஆனால் என் அப்பா மருத்துவமனையில் இருந்த பதினோரு நாளும் தினமும் காலையில் "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள்கூட அப்படிக் கேட்கவில்லை.

துப்பாக்கிச் சண்டை சலித்தால் வேறு விளையாட்டுகளுக்குப் போவோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. 1999-இல் வந்த விளையாட்டு. அதில் உரையாடல் பெட்டியில் எண்களை அடித்தால் குரல் வரும். 11 அடித்தால் ஒருவன் விழுந்து விழுந்து சிரிப்பான். 14 அடித்தால் சீக்கிரம் ஆட்டத்தைத் தொடங்கு என்று கத்துவான். பறவை அண்ணாவுக்கு எதற்கும் 11 தான். எதிரி யானைப் படையோடு வந்து அவர் கோட்டையை இடித்துக்கொண்டிருந்தாலும் 11 அடிப்பார். பிறகு மைன்கிராஃப்ட், கட்டம் கட்டமாகத் தோண்டியும் அடுக்கியும் ஒரு உலகத்தைக் கட்டும் விளையாட்டு. நாங்கள் மட்டும் சேர்ந்து ஆட அண்ணா தன் கணினியில் ஒரு சர்வர் ஓட்டினார். அதில் ஒரு குன்றின் மேல் வீடு கட்டினோம், ஐந்து நிறத்தில் ஐந்து கட்டில் போட்டோம், எலும்பு கொடுத்து ஒரு ஓநாயைப் பழக்கினோம். பழக்கிய ஓநாயின் கழுத்துப் பட்டை சிவப்பாக இருக்கும். குட்டி ஊதாச் சாயம் கொண்டுவந்து அதை ஊதா ஆக்கினாள்.

ஆனால் எதை ஆடினாலும் கூப்பிடுவது ஒரே இடத்திலிருந்துதான். அந்தத் துப்பாக்கி விளையாட்டின் நண்பர் பட்டியல். அங்கே யாராவது ஒருவர் பச்சைப் புள்ளியோடு இருப்பார், "வா" என்பார், போவோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் அறையின் கடவுச்சொல்லும் அங்கேதான் வரும், சர்வர் நிற்கப்போகிறது என்ற செய்தியும் அங்கேதான் வந்தது. கணக்கு பறிபோன மறுநாள் காலையில் சரி, அவர்களிடம் சொல்லி எச்சரிக்க வேண்டுமே என்று கைப்பேசியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. யாரை அழைப்பது? நால்வரின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எண் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. இரவுக்காரனின் மகள் பிறந்த தேதி தெரியும். வாத்தியாருக்கு இடது முழங்காலில் வலி என்று தெரியும். கைப்பேசியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பதற்றத்தில்தான் இரண்டாவது தவறைச் செய்தேன். கணக்கு போய்விட்டது, யாராவது உதவ முடியுமா என்று பொதுவில் எழுதி வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் வந்து, நான் மீட்டுத் தருகிறேன், நிறுவனத்துக்குள் எனக்கு ஆள் இருக்கிறது என்றார். முதலில் சிறு தொகை கேட்டார். பிறகு சர்வர் கட்டணம் என்றார். பிறகு கடைசிக் கட்டம், இதைக் கட்டாவிட்டால் முன்பு கட்டியதும் போய்விடும் என்றார். மூன்று தடவையாகக் கட்டினேன். கூட்டிப் பார்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. நான்காவது தடவை கேட்டபோது மறுத்தேன், அன்றோடு ஆள் இல்லை. வீட்டில் இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. பணம் போனதைவிட, ஏமாந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் திரிந்த நாட்கள்தான் கொடுமை. ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: பணம் வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தரும் வெளியாள் என்று எவரும் கிடையாது. மீட்டுத் தர முடிந்தது அந்த நிறுவனம் மட்டும்தான். கணக்கை இழந்தவர்கள் உதவி கேட்கும் இடத்தில் காத்திருப்பதே இவர்களின் தொழில். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பணம் கட்டியிருந்தால் திட்டாதீர்கள். அவர் முதல் தடவையிலேயே உங்களிடம் வந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள்.

நிறுவனத்தின் வழியில் ஐந்து வாரம் ஆனது. பதினெட்டு கடிதம் எழுதினேன். முதல் பத்துக் கடிதத்தில் என் சோகத்தைத்தான் எழுதியிருந்தேன், அதற்கெல்லாம் ஒரே மாதிரி தானியங்கிப் பதில் வந்தது. வழி திறந்தது ஒரு ரசீதால். 2015-இல் அந்தக் கணக்கில் முதன்முதலாக ஒரு பொருள் வாங்கியபோது வந்த ரசீது பழைய மின்னஞ்சலில் கிடந்தது. அதில் இருந்த பரிவர்த்தனை எண்ணையும், கணக்கைத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரியையும், திருட்டு நடந்த நேரத்தையும் மட்டும் நாலு வரியில் எழுதினேன். அதற்கு மனிதர் ஒருவர் பதில் எழுதினார். அந்த மாதிரி ரசீதுகளைத் தனிக் கோப்புறையில் இப்போதே எடுத்து வையுங்கள். எத்தனை வருடம் ஆடினோம் என்பது அவர்களுக்குச் சான்று ஆகாது, இந்த மாதிரிக் காகிதம்தான் ஆகும்.

கணக்கு திரும்பி வந்தது. உள்ளே போனேன். சேர்த்து வைத்திருந்த பொருள்கள் எதுவும் இல்லை, அதை எதிர்பார்த்தேன். வலது பக்க ஓரத்தில் 'நண்பர்கள்: 0' என்று இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. திருடன் அந்த ஐந்து வாரமும் என் பெயரில் என் நண்பர்கள் எல்லோருக்கும் அதே ஓட்டு லிங்கை அனுப்பியிருக்கிறான். முதலில் மாட்டியது வாத்தியார், அவர் வழியாக நான், என் வழியாக இரவுக்காரன். மற்றவர்கள் என்னை நீக்கித் தடுத்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள். கடைசியில் மிச்சமிருந்த பெயர்களைத் திருடனே அழித்துவிட்டுப் போயிருக்கிறான். அவர்கள் பார்வையில் கடைசியாக அவர்களை ஏமாற்றியவன் நான். அந்த எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் தேடினேன். அவர்களின் விளையாட்டுப் பெயர்களை நான் வாயால் சொல்வேனே தவிர எழுத்துக்கூட்டல் எனக்கு நினைவில் இல்லை. எங்கே ஒரு கோடு, எங்கே ஒரு எண், எந்த எழுத்து இரட்டை என்று எதுவும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் வழி கிடைத்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு வந்த புள்ளிப் பட்டியலை நான் படமாகப் பிடித்து வைத்திருந்தேன். நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று ஐந்து வரி, ஐந்து பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டினேன். அந்த விளையாட்டின் மேம்படுத்திய பதிப்பு 2019 நவம்பரில் வந்திருந்தது, அதன் தரவரிசைப் பட்டியலை யாரும் பார்க்கலாம். நான்கு பெயரையும் தேடினேன். பறவை மட்டும் இருந்தது. முந்தின நாள்கூட ஆடியிருந்தார்.

புதுக் கணக்கில் ஒன்பது இரவு காத்திருந்து, அவர் திறந்த ஒரு அறைக்குள் நுழைந்தேன். அண்ணா, நான்தான் என்று எழுதினேன். வெளியேற்றிவிட்டார். மறுநாளும் நுழைந்தேன். "நீ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன தடவையும் அவன் பேர்லதான் வந்தே" என்று எழுதினார். என்ன சொல்வது? என்னைப் பற்றி நான் சொல்லக்கூடிய எல்லாமே பழைய உரையாடல்களில் இருந்தது, திருடனும் படித்திருக்கலாம். அப்போதுதான் ஓநாய் ஞாபகம் வந்தது. அது எரிமலைக் குழம்பில் விழுந்து செத்த இரவில் நானும் அண்ணாவும் மட்டும்தான் சர்வரில் இருந்தோம். கிணற்றை ஒட்டி மூன்று கட்டம் தோண்டி ஒரு பெட்டி வைத்து, அதில் ஒரு எலும்பும் கொஞ்சம் ஊதாச் சாயமும் போட்டு மூடினோம். அதைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை, மைக்கில் பேசியதோடு சரி. அதைச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் அறையை மூடிவிட்டுப் போனார். சர்வரை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் அந்த உலகத்தின் கோப்புறையை அவர் அழிக்கவில்லை. அதைத் திறந்து, குன்றேறி, கிணற்றருகே போய்த் தோண்டியிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. உள்ளே போனால் உரையாடல் பெட்டியில் 11 என்று மட்டும் இருந்தது. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

அன்றே அவருடைய பெயரைக் கேட்டேன், எண்ணைக் கேட்டேன். அவரிடம் இரவுக்காரனின் மின்னஞ்சல் இருந்தது. இரவுக்காரனிடம் வாத்தியாரின் எண் இருந்தது. ஆக, எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒருவரின் ஒரு எண். ஆறு வருடத்தில் எந்த நாள் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

இது எனக்கு மட்டும் நடந்த விபத்தாக நினைக்காதீர்கள். திருடனே வராவிட்டாலும் அந்தப் பட்டியல் ஒரு நாள் போகும். பழைய எக்ஸ்பாக்ஸ் கருவிக்கான இணையச் சேவை 2010 ஏப்ரல் 15-இல் நின்றபோது, ஹாலோ 2 ஆடிக்கொண்டிருந்த சிலர் கருவியை அணைக்காமலேயே வைத்திருந்து, இணைப்பு ஒவ்வொன்றாக அறும்வரை மூன்று வாரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இணைய விளையாட்டு 2012 நவம்பர் 30-இல் மூடப்பட்டது. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு விளையாட்டுக் கருவிகளின் இணைய ஆட்டமும் 2024 ஏப்ரலில் முடிந்தது. ஒவ்வொரு மூடலிலும் எத்தனை பேர் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லிப் பிரிந்திருப்பார்கள்! நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரைப் பற்றிப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014-இல் 25 வயதில் இறந்தவர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் அவர் பெயர் இபெலின். மகனுக்கு நண்பர்களே இல்லை என்று நினைத்திருந்த பெற்றோர், அவருடைய வலைப்பதிவில் இறப்புச் செய்தியை எழுதியபோது, இபெலினின் நண்பர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அவர் பதிவின் கடவுச்சொல்லைப் பெற்றோருக்கு விட்டுச் சென்றிருந்ததால்தான் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. எனக்கு ஏதாவது ஆனால் என் நண்பர்களுக்கு யார் சொல்வார்கள் என்று அன்று யோசித்தேன். இப்போது என் வீட்டில் ஒரு தாள் இருக்கிறது. நால்வரின் விளையாட்டுப் பெயர், எனக்குத் தெரிந்தவரை நிஜப் பெயர், தொடர்பு எண்.

எப்படிக் கேட்பது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. விளையாட்டில் பழகியவரிடம் எண் கேட்டால் தவறாக நினைப்பாரோ என்றுதான் ஆறு வருடம் போயிற்று. நீங்கள் முதலில் உங்களுடையதைக் கொடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள். இந்தச் சர்வர் ஒரு நாள் போய்விட்டால் என்னை இங்கே பிடிக்கலாம் என்று சொல்லி ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் போதும். இதற்கென்றே தனி முகவரி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம், அடையாளச் சான்று இதெல்லாம் வேண்டாம். பழகிச் சில மாதம்கூட ஆகாதவரிடம் இதுவும் வேண்டாம். ஆடுவது உங்கள் பிள்ளை என்றால், யாரோடு ஆடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தொடர்பு முகவரி பரிமாற வேண்டும் என்றால் அது உங்களுடையதாக இருக்கட்டும். இன்னொன்று, உங்கள் குழுவுக்குள் ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் தட்டச்சு செய்யாமல், குரலில் மட்டும் சொல்லி வைத்தது. பணமோ லிங்க்கோ அவசரமோ வந்தால் முதலில் அதைக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு ஓநாய் இருந்தது, தப்பித்தோம்.

இப்போது நாங்கள் ஆடும் விதமும் மாறிவிட்டது. இரவுக்காரனுக்கு இரண்டாவது குழந்தை, வாத்தியாரின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. ஒரு நிமிடம் எழுந்து போனால் மற்ற நால்வரும் தோற்கும் விளையாட்டு இனிச் சரிப்படாது. அதனால் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை ஆடுகிறோம். ஒருவர் வர முடியாவிட்டாலும் மற்றவர்கள் வயலுக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம். வாத்தியார் படுக்கையில் இருந்த வாரங்களில் அவரும் நானும் இட் டேக்ஸ் டூ ஆடி முடித்தோம். 2021-இல் வந்த அந்த விளையாட்டை ஒருவர் வாங்கினால் போதும், இரண்டாமவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். பாதியில் நிறுத்திக்கொள்ள முடிகிற, திறமை குறைந்தாலும் வெட்கப்பட வைக்காத விளையாட்டுகள்தான் வயதாக ஆக நண்பர்களைச் சேர்த்து வைக்கின்றன என்பது என் அனுபவம். நேரத்தையும் நிச்சயித்துவிட்டோம். ஞாயிறு இரவு ஒன்பது. யாருக்காவது ஆடத் தோன்றாவிட்டாலும் வந்து பேசிவிட்டுப் போவார்கள்.

குட்டி மட்டும் கிடைக்கவில்லை. அவளுடைய தொடர்பு எங்களில் ஒருவரிடமும் இல்லை. இப்போது படிப்பை முடித்திருப்பாள். அண்ணா அந்த மைன்கிராஃப்ட் சர்வரை மறுபடி ஓட்டுகிறார், பழைய முகவரியிலேயே. அனுமதிப் பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது. மைன்கிராஃப்டின் பழைய கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற்றாதவர்கள் 2023-க்குப் பிறகு உள்ளே வர முடியாது. அவள் மாற்றியிருப்பாள் என்று நம்புகிறோம். குன்றின் மேல் வீட்டில் அவளுடைய ஊதாக் கட்டில் அதே மூலையில் கிடக்கிறது. கட்டிலுக்கு மேல் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். பலகையில் நாலு வரிதான் எழுத முடியும். முதல் இரண்டு வரியில் என் மின்னஞ்சல், மூன்றாவதில் ஞாயிறு ஒன்பது மணி, நான்காவதில் "அப்பா நல்லா இருக்கார்".